கட்டில்மேல் தூக்கி வைத்த பை

மாமா,

பச்சைக் கரை போட்ட உங்கள் ஈரிழைத் துண்டு இன்றைக்கு பீரோவை விட்டு வெளியே வந்துவிட்டது. டூட்டி முடிந்து வந்த பேத்தி தலைக்குக் குளித்துவிட்டு அதை எடுத்துத் துவட்டிக்கொண்டிருந்தாள். நம் மகள் வயிற்றுப் பேத்தி, இப்போது சரவணம்பட்டியில் நர்ஸ். ஐந்தாவதோடு நின்ற நான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

"ஒரு அம்மா, சொல்லச் சொல்ல யூரின் பேக்கைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுக்குது அம்மிச்சி. திட்டு எனக்குத்தான் உழுகுது" என்றாள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

நீர் அடைப்புக்கு உங்களுக்கு டியூப் போட்டிருந்தார்கள். பை கட்டிலுக்குக் கீழே தொங்கியது. வெள்ளகோவில் சம்பந்தி வீட்டார் சாத்துக்குடியோடு வந்தார்கள். சட்டை போடாமல் வாசலுக்குக்கூட வராத மனுஷர் நீங்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று பையைத் தூக்கி உங்கள் பக்கத்தில் வைத்து இந்தத் துண்டால் மூடினேன்.

ஒல்லியாக ஒரு சிஸ்டர். அந்த வார்டு முழுக்க அவள் ஒருத்திதான். "பை மேல இருந்தா நீர் திரும்ப உள்ள போயிருமுங்க அம்மா, சீக்கு வந்துரும்" என்று இறக்கிக் கட்டினாள்.

"உங்கப்பனா இருந்தா இப்படி நாலு பேரு பாக்கத் தொங்க உடுவியா அம்மணி?" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள், ஓடினாள். நான் மறுபடி தூக்கி வைத்தேன்.

"அந்தப் புள்ள சொல்றதைத்தான் கேளேன்" என்றீர்கள். "நீங்க பேசாம படுங்க" என்றேன். மூன்று நாளும் ஆள் வந்துகொண்டேயிருந்தது, அவள் இறக்க இறக்க நான் ஏற்றினேன்.

நான்காம் நாள் உங்களைக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் அவளைத்தான் பிடித்தார். "பேக் எங்க இருக்கோணும்னு உனக்குத் தெரியாதா?" அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நீதான்னு சொல்லிப்போடு" என்றீர்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

காய்ச்சல் தணிந்தது, ஆனால் நீங்கள் பழையபடி எழுந்து நடமாடவேயில்லை. வீட்டில் படுத்திருந்தபோது ஒருநாள், "அந்தப் புள்ளகிட்டச் சொன்னியா?" என்று கேட்டீர்கள். "சொல்லிப்போட்டேனுங்க" என்றேன். அப்புறம் நிம்மதியாகக் கண்ணை மூடிப் படுத்தீர்கள்.

நான் சொல்லவில்லை மாமா. உங்களிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை நம்பியே நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

இன்றைக்குப் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் துவட்டுவதை நிறுத்தினாள். என்னைத் திட்டவில்லை. துண்டை மடித்து என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த சிஸ்டர் பேரு என்ன அம்மிச்சி? விசாரிச்சுப் பாக்கலாம்."

மூன்று நாளும் அம்மணி, அம்மணி என்றே அதட்டியிருக்கிறேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் அவள் பெயரைக் கேட்டிருப்பீர்கள் மாமா. உங்களிடம் சொல்லியிருப்பாள்.