ஒட்டுக்குக் கீழே வந்த கிளைகள்

என் கோபக்காரிக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு, ஜன்னலோரம் நீ வைத்த ஃப்ளோரிபண்டா ரோஜாவுக்கு நான் ஒருநாள்கூடத் தண்ணீர் ஊற்றத் தவறவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடியிலிருந்து இரண்டு கிளைகள் மளமளவென்று கிளம்பின. எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று, மேலே நோஞ்சானாக நின்ற பழைய கிளைகளை வெட்டி எறிந்தேன்.

ஆறு மாதமாகியும் ஒரு மொட்டு இல்லை. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய் நர்சரிக்காரரிடம் காட்டினேன்.

"சார், இது ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழ, வேர்ச்செடியிலேர்ந்து வர்ற காட்டு ரோஜா. நீங்க வெட்டிப் போட்டதுதான் உங்க செடி."

கீழே வருவதை அப்போதைக்கப்போது கிள்ளிவிடச் சொல்லி நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' கொட்டினேன்.

வேறு செடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெள்ளை, மஞ்சள், பவழம் என்று கொத்துக்கொத்தாகப் பூத்து நின்றன.

"வீட்ல அவங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

முப்பத்தொரு வருஷம். எனக்குத் தெரியவில்லை. போகட்டும், நம் செடி பூத்த நிறத்தையாவது சொல்லலாம் என்று யோசித்தேன். அதுவும் ஞாபகம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேம்பா," என்றாள். மூன்று வாரமாகிறது. நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

காட்டு ரோஜாவுக்குத்தான் இன்று காலையும் தண்ணீர் ஊற்றினேன்.

இப்படிக்கு,
'ம்' கொட்டியவன்