பூந்தொட்டியில் ஏழு மாத்திரைகள்

ஏங்க,

டூட்டிக்குக் கிளம்புகிறேன். நான் திரும்புவதற்குள் நீங்கள் தீவுக்குப் போகும் விமானம் கிளம்பியிருக்கும். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள்.

நீங்கள் முடிவெட்டப் போனதும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரமாக உங்கள் கையில் கொடுத்த மலேரியா தடுப்பு மாத்திரை ஏழும் மண்ணில் கிடக்கின்றன. "போட்டாச்சு, நச்சரிக்காதே"ன்னு தினமும் சொன்னீங்களே! ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸ் நான்; வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

டாக்டர் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. இனி மாத்திரையை எப்படிப் போடுவதென்று இப்போதே கேளுங்கள். தீவில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

பி.கு.: கொசுவலையை நேற்று தனியாகக் கட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் கட்டினால் அந்தப் பக்கம் அவிழ்கிறது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே யாரைக் கூப்பிடுவீர்கள்?