மலைக்கு எந்தச் சட்டை?

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நாளை பட்டறை ஆட்களோடு மலையேறப் போகிறேன். இலையுதிர் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. காலையில் பல் தந்தியடிக்கிறது, மதியம் வேர்த்து ஊற்றுகிறது.

"பருத்தி வேணாம், நனைஞ்சா காயாது" என்கிறார் வெல்டர். "கம்பளி போட்டா பாதி வழியில வெந்துடுவ" என்கிறார் டிரைவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. புது பூட்ஸைப் பழக்க மாடிப்படியில் ஏறி இறங்கியதில் குதிகால் தோல் உரிந்துவிட்டது. பயப்படாதே, நொண்டவில்லை, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே நீ எடுத்து வைப்பதை வாய் திறக்காமல் மாட்டிக்கொள்வேன். இங்கே எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிட்டு நிற்கிறேன்.

தபால் பெட்டிப் பக்கம் போகிற டிரைவர் கீழே அவசரப்படுத்துகிறார். இது உன் கைக்கு வரும்போது நான் மலையிலிருந்து இறங்கியிருப்பேன். இருந்தாலும், எதைப் போட்டிருக்க வேண்டும் என்று எழுது.

உன்னவன்