நூற்று இருபது காட்டிய மீட்டர்

இன்று காலை ஒர்க்‌ஷாப்பில் எவனோ ஒயரைக் கருக்கிவிட்டான். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் மூன்று வருடமாகிறது. நான் இன்னும் சண்டைக்காரனாகத்தான் இருக்கிறேன்.

அன்று ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷெட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். புது பொக்லைன் திடீரென்று நின்றுவிட்டது. ஓட்டியவர் கெடுத்துவிட்டார் என்று சூப்பர்வைசரே ஒரு தாளில் எழுதி, அதை ஓட்டிய முனுசாமி அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை போய்விடும். அண்ணன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அப்போதுதான் சர்வீஸ் கம்பெனியிலிருந்து நாம் இருவரும் போய் இறங்கினோம்.

வண்டிக்குள் எஞ்சினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, ஹைட்ராலிக் பெட்டி, டிஸ்பிளே எல்லாம் முறுக்கிய இரண்டே கம்பிகளில் பேசிக்கொள்கின்றன என்பதில் நமக்கு அப்படி ஒரு பித்து. "இதுல மொதலாளின்னு ஒரு பெட்டியே இல்லடா. எது அவசரமோ அது முதல்ல பேசும்" என்று பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொல்வாய்.

கம்பிகளின் இரு முனையிலும் நூற்று இருபது ஓமில் ஒவ்வொரு தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து அறுபது ஓம் வர வேண்டும்; நடுவில் கம்பி அறுந்திருந்தால் ஒன்று மட்டும்தான் தெரியும். உன் மீட்டர் நூற்று இருபது காட்டியது.

"இன்னாமா, ஜோசியம் பாக்கிறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார். எங்கியோ கம்பி அறுந்திருக்குன்னு வருது."

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாய். கேபினுக்குப் பின்னால், புதிதாகப் பற்றவைத்த இரும்புப் பட்டைக்கு அடியில் அது கருகிக் கிடந்தது.

"இங்க யாரு வெல்டிங் அடிக்கச் சொன்னது?"

"சார்தாம்மா," என்றார் அண்ணன். "பேட்டரியாச்சும் கழட்டலாம்னேன். டைம் இல்ல, உன் வேலையப் பார்றான்னாரு."

அந்தத் தாளை வாங்கினாய். பின்பக்கத்தில் 'நூற்று இருபது ஓம். வெல்டிங்கில் கம்பி அறுந்தது' என்று எழுதி நீட்டினாய்.

"இதுல நீங்க கையெழுத்து போடுங்க சார்."

அவர் போன் பேசுவதுபோல நகர்ந்துவிட்டார். நாம் கம்பியைச் சேர்த்தோம். அறுபது வந்தது. எஞ்சின் உறுமியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன் மேலே ஏறி, தேவையே இல்லாமல் மூன்று தடவை ஹாரன் அடித்தார்.

இப்போது ரிப்போர்ட் எழுதுவது நான்தான். படிவத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று ஒரு கட்டம் அச்சாகியே வருகிறது. மேலே இருப்பவன் தவறுக்குக் கட்டம் கிடையாது. போன வாரம்கூட ஒரு மேனேஜர் கேட்டார், இதை யார் சேர்த்தது என்று. இல்லாத அந்தக் கட்டத்தை ஒவ்வொரு தாளிலும் நான்தான் பேனாவால் வரைகிறேன்.