காலையில் மடங்காத விரல்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். ‘நலம்’ என்று எழுதாமல் ‘நடமாடிக்கொண்டு’ என்று எழுதியதற்கு முறைக்காதே, பதினாறு வருடமாக முடக்குவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் அவ்வளவுதான் துணிந்து எழுத முடியும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதற்குள் அம்மா வாங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அந்தக் குட்டித் திருகாணிகள் கை நழுவி விழுகின்றன என்றாய், “காலைல விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகுதுப்பா, ரெண்டு கையும் அப்படித்தான், எல்லாம் இந்தக் குளிர்” என்றாய். நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே டிப்போவில் பஸ் நேரம் குறிக்கிற என் கூண்டுக்குள் உட்கார்ந்து மதியம் பஸ் ஓய்கிற நேரத்தில் துண்டு துண்டாக எழுதுகிறேன், பேனாவில் துணி சுற்றித் தடிமனாக்கி வைத்திருக்கிறேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று பதினோரு மணி பஸ்ஸைப் பத்து மணி பஸ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், டிரைவர்கள் என்னைக் கிண்டல் செய்து ஓய்ந்தார்கள்.

குளிர் என்று நீ சொன்னது போலத்தான் நானும் ஆரம்பத்தில் கியர் கம்பி என்று சொன்னேன். ஓட்டுகிற பஸ் பழசு, கியர் மாற்ற மாற்றக் கை வீங்குகிறது என்றேன். பிறகு தலையணை என்றேன், வயது என்றேன், அப்போது எனக்கு நாற்பத்திரண்டுதான். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள், ஒருவர் எண்ணெய் என்றார், ஒருவர் கிழங்கை விடச் சொன்னார், எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தபால்காரர் தாமிர வளையத்தைப் போடச் சொன்னார், அதையும் போட்டேன், கை பச்சையானதுதான் மிச்சம். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்துவிட்டால் ஓட்டுகிற வண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள் என்று பயம். வலியை விட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மேஜை வேலை கிடைத்தது, பணிமூப்பு பார்த்துக் கொடுத்தார்கள் என்று வீட்டில் சொன்னேன், நீ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்பா ஆபீசர் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தாய். அது பொய். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலை நான் முதல் பஸ் எடுத்தேன். விடிந்து வெளிச்சம் வந்த நேரம், வண்டியில் முப்பது பேர் இருப்பார்கள், பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். சந்தைக்கு முன்னால் அந்த வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், பாதியில் மணிக்கட்டு பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பஸ் நடைபாதை மேல் ஏறி, மூடியிருந்த ஒரு கடையின் இரும்புக் கதவில் முட்டி நின்றது. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு துப்புரவுக்காரப் பெண்மணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கியதால் பிழைத்தாள். பஸ்ஸுக்குள் ஒரு பெண்ணுக்கு நெற்றியில் மூன்று தையல். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஸ்டியரிங் மாட்டிக்கொண்டது என்று எழுதிக் கொடுத்தேன். முந்தின நாள் அந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் மேல் பழி விழுந்தது. மனுஷன் இரண்டு பிள்ளைக்காரன், ஐந்து நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். அந்த ஐந்து நாளும் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், உன் கணக்குப் பாடத்தைப் பார்த்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் என் கண்டக்டர், நெட்டை என்று நீ கூப்பிடுவாயே அவர்தான், பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். “ஸ்டியரிங்குக்கு ஒண்ணும் இல்லண்ணே. உங்க கையை நான் ஒரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். பார்த்தும் சொல்லாம இருந்தது என் தப்பு.” திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தப்பைப் பாதி அவர் எடுத்துக்கொண்டதும் எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. மேனேஜர் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். மெக்கானிக் மறுநாள் வேலைக்கு வந்தார். இன்று வரை என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசியது இல்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வண்டியை வாங்கிக்கொண்டு அந்த மேஜை வேலையைக் கொடுத்தார்கள், அவர்களே டாக்டரிடமும் அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். அந்த டாக்டரம்மா என் இடது மணிக்கட்டின் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, “ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இதைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார். அந்த மணிக்கட்டு இன்றைக்கும் கட்டைதான். மற்ற மூட்டுகள் மருந்தால் தப்பின. காலையில் வெந்நீரில் கையை ஊறவைக்க வேண்டும், சட்டைப் பொத்தானை அம்மா போட வேண்டும், பற்பசையை முழங்கையால் நசுக்க வேண்டும், சில நாள் காரணமே இல்லாமல் உடம்பு அடித்துப் போட்டது போல் கிடக்கும், பார்க்கிறவர்கள் நல்லாத்தானே இருக்கீங்க என்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அந்த இரண்டு வருடம்தான்.

டாக்டரம்மாவிடம் நேற்று உன்னைப் பற்றிக் கேட்டேன். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்று இல்லையாம், ஆனால் இரண்டு கையும் ஒரே மாதிரி காலையில் ஒரு மணி நேரம் விறைத்தால் குளிர் என்று விடக்கூடாதாம். மூட்டு டாக்டரிடமே போகச் சொன்னார், ரத்தத்தில் தெரியாவிட்டாலும் விரலை அமுக்கிப் பார்க்கச் சொல்லவேண்டுமாம். இன்னொன்று, அப்பா சொல்கிறாரே என்று கூச்சப்படாதே, குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடு, சில மருந்து அதற்கு ஆகாதாம். உனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் இந்தக் கடிதத்தை வைத்து என்னை ஆயுசுக்கும் கேலி செய், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

இதுவரை எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொய்யை உனக்கு மட்டும் சொல்லி அம்மாவிடம் மறைப்பது சரியில்லை என்று இன்று காலை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். “கண்டக்டர் அந்த வாரமே வந்து சொல்லிட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.” அவ்வளவுதான், துணி மடிக்கப் போய்விட்டாள். பதினான்கு வருடம். இன்றைக்கு வலி இல்லை என்று நான் சொன்ன ஒவ்வொரு நாளும், சரி என்று நம்பியதாக அவளும் சொல்லியிருக்கிறாள். மறைக்கிறவன் தனியாகச் சுமக்கிறான் என்று நினைத்திருந்தேன் கண்ணு, அது இல்லை. மாப்பிள்ளை உன் கையைப் பார்க்காமல் இருக்கிறார் என்று நினைக்காதே. இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு, குளிரைச் சேர்க்காமல் சொல்.

நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீண்ட நாள் வாழ வேண்டும் நீங்கள் இருவரும். டாக்டரிடம் நாளும் நேரமும் வாங்கிவிட்டுக் கூப்பிடு. நாள் வாங்காமல் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன், எழுதினாலும் எடுத்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

உன் பதிலுக்காகக் கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருக்கும்,
அப்பா