சாப்பாட்டுக் கூடத்தில் ஷட்டில்

அன்பு மகள் வாலுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அங்கே சௌகரியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் வாலு என்றா கூப்பிடுவாய் என்று கோபித்துக்கொள்ளாதே, அது வயதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. சின்னவனுக்குச் சளி விட்டதா, குளிரில் தலையை மூடாமல் வெளியே அனுப்பாதே. உன் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறார், சொட்டு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவது அத்தையின் வேலை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த நூலகர் குடும்பம் நகரத்துக்கு மாறிப் போய்விட்டது. எங்கள் வரிசையில் இப்போது விளக்கு எரிவது நம் வீட்டில் மட்டும்தான்.

இங்கே பல மாதமாக ஒரே பேச்சு, பல்கலைக்கழக வளாகத்துக்குள் புதிதாக விளையாட்டு அரங்கம் கட்டலாமா வேண்டாமா என்பதுதான். சுற்றிலும் வயலும் வெட்டவெளியும், நகரத்துக்குப் போக பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இப்படி ஒரு மூலையில் இருந்துகொண்டு எதைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பது என்று துணைவேந்தருக்குக் கவலை. ஓடுகளம், கேலரி வைத்த மைதானம், உடற்பயிற்சிக் கூடம், உள்ளரங்கம் என்று பெரிய வரைபடமே போட்டுவிட்டார்கள். கணக்கு அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார், கட்டிவிடலாம், காலம் பூராவும் யார் பராமரிப்பது என்கிறார். வேதியியல் பேராசிரியை, தன் ஆய்வுக்கூடத்தில் பாதிக் குழாயில் காற்றுதான் வருகிறது, இதில் புல்தரைக்குத் தண்ணீரை எங்கிருந்து கொண்டு வருவீர்கள் என்று கேட்டார். உடற்கல்வி இயக்குநரை உனக்கு நினைவிருக்கும், விசில் மாமா என்று நீதானே பெயர் வைத்தாய், அவர் விடவில்லை. மாலையில் செய்ய ஒன்றும் இல்லாமல் பிள்ளைகள் அறைக்குள் போனைப் பார்த்தபடி சுருண்டு கிடக்கிறார்கள், இந்த ஊர் ஒட்டவில்லை என்று படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு, ஓடியாட ஒழுங்கான ஓர் இடம் இருந்திருந்தால் இருந்திருப்பார்களோ என்னவோ என்றார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. பெண்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் என்னையும் குழுவில் போட்டிருந்தார்கள். காலையில் பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் நான் படுகிற பாட்டுக்கு, முதல் கூட்டத்தில் வேதியியல் அம்மாவுக்குத்தான் தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செலவைக் குறைக்க எதையாவது வெட்ட வேண்டும் என்று வந்தபோது, யார் யார் விளையாடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இப்போது இருக்கிற பொட்டல் மைதானத்துக்கு ஒரு வாரம் மாலையில் ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பி வந்து, பையன்கள் நிறைய வருகிறார்கள், பெண்கள் ஒருவர்கூட வரவில்லை, அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்றார்கள். உடனே பெண்கள் விடுதியை ஒட்டி, உள்ளிருந்தே போகும்படி வர இருந்த உள்ளரங்கத்தை எடுத்துவிடலாம் என்று பேச்சு. எப்படி வருவார்கள் சொல், வகுப்பு முடிந்து வந்து முகம் கழுவுவதற்குள் விடுதிக் கதவைப் பூட்டிவிடுகிறோம். பூட்டச் சொன்னவர்களும் இவர்கள்தான், மைதானத்தில் காணோமே என்று சொல்கிறவர்களும் இவர்கள்தான். பெண்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், என் கூடத்தில்தான் விளையாடுகிறார்கள்.

இதை உனக்குக்கூட நான் சொன்னதில்லை. பொழுது சாய்ந்து சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மேசைகளைச் சுவரோரம் தள்ளுவார்கள், துணி காயப்போடும் கயிற்றைத் தூணுக்குத் தூண் கட்டி மேசை விரிப்பை அதில் தொங்கவிட்டால் வலை தயார். ஷட்டில் ஆடும்போது காற்றே இருக்கக் கூடாதாம், பந்து திசை மாறிவிடுமாம், அதனால் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்த வேண்டும். அந்தச் சுவிட்ச் என் அறைக்குள் இருக்கிறது. முதல் நாள் கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தி, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள், என் அறை வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, விசிறியைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று கேட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது விடுதி விதி, அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்காமல் சுவிட்சை அணைத்தேன். அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. மறுநாள் சமையலுக்குச் சாமான் எடுத்து வைக்கிற சாக்கில் நானும் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். வியர்வையில் நனைந்துகொண்டு அவர்கள் போடுகிற கூச்சல் காதைப் பிளக்கும். என் வயதுக்கு என்னை அக்கா என்று கூப்பிடுவார்கள், நானும் மறுக்கவில்லை. பந்து அவுட்டா இல்லையா என்று சண்டை வந்தால் தீர்ப்பு என்னுடையது, எனக்கோ கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, யார் முகம் அதிகமாகச் சுருங்கியிருக்கிறதோ அவளுக்குப் பாயிண்ட் கொடுத்துவிடுவேன். அப்பாவும் போய், நீயும் கல்யாணமாகி அவ்வளவு தூரம் போன பிறகு, வேலை முடிந்து வீட்டுக்குப் போக எனக்கு அவசரமே இருந்ததில்லை, எல்லாம் இந்தப் பிள்ளைகள் அடித்த கூத்தால்தான்.

ஆக நான் வாயை மூடிக்கொண்டால் உள்ளரங்கம் போய்விடும், வாயைத் திறந்தால் கூடத்து விளையாட்டு போய்விடும். கூட்டத்துக்கு முந்தின நாள் முழுக்க அதே யோசனை, சமையல்காரர் உப்புப் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் இது பாட்டுக்கு நடக்கட்டுமே, அவர்களுக்கும் பொழுது போகிறது எனக்கும் பொழுது போகிறது என்று மனசு ஆசை காட்டியது. ஆனால் சில வாரத்துக்கு முன்புதான் ஒருத்தி மேசை மூலையில் இடித்துக்கொண்டு புருவம் கிழிந்தது. வழுக்கி விழுந்தாள் என்று எல்லாருமாகச் சேர்ந்து வார்டனிடம் பொய் சொன்னோம். கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கூட்டத்தில் துணைவேந்தர் அந்த முடிவைப் படித்துவிட்டு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எழுந்தேன். "பொண்ணுங்க வெளையாடுறாங்க சார், தெனமும் வெளையாடுறாங்க, எங்க சாப்பாட்டுக் கூடத்துலதான்" என்றேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். மீதியை விசில்தான் பேசினார், அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இழுபறியாக வெகுநேரம் போனது. கடைசியில் கேலரியைப் பாதியாக்கினால் உள்ளரங்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னவர் கணக்கு அதிகாரிதான், மனுஷன் கெட்டவர் இல்லை. கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டியும் கட்டுவதாக இருந்தால் தனக்குச் சம்மதம் என்றார் வேதியியல் அம்மா. புல்தரை இப்போதைக்கு இல்லை, ஓடுகளமும் உள்ளரங்கமும் உண்டு என்று முடிவாயிற்று.

அதே குழுவில் இருந்த வார்டன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. அவரையும் குறை சொல்ல மாட்டேன், ஒரு பெண்ணுக்குக் கை கால் முறிந்தால் பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அன்றைக்கே, பந்தி முடிந்த கையோடு கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு புதுப் பூட்டையும் சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவளை வேறு என்ன செய்வார். பிள்ளைகள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. தட்டை எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கழுவி வைத்துவிட்டுப் போகிறார்கள், அக்கா என்று கூப்பிட்ட வாயெல்லாம் மேடம் என்கிறது. நெட்டை மட்டும் ஒரு நாள் சற்று நின்றாள். புது அரங்கம் வந்துவிடும், மரத்தரை போட்டு, நல்ல வெளிச்சமாக, மேசை நாற்காலி எதிலும் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று நானாகத்தான் ஆரம்பித்தேன். அவள், "அது வர்றப்போ நாங்க யாரும் இருக்க மாட்டோம் மேடம்" என்று சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்று தலையசைத்துவிட்டுப் போனாள். நானும் இருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அஸ்திவாரம் தோண்டவே நாளாகும் என்கிறார்கள், அதற்குள் இந்தக் குவார்ட்டர்ஸை நான் காலி செய்ய வேண்டும். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் வாலு, இனி வரப் போகிற பிள்ளைகளுக்காவது ஒளிந்து விளையாடுகிற தலையெழுத்து வேண்டாம். நான் செய்தது சரி என்று எனக்கே தெரிகிறது, ஆனால் சாயங்காலம் வந்தால் அது ஒரு துணையாக இருக்க மாட்டேன் என்கிறது.

இப்போதெல்லாம் கூடத்தைப் பூட்டியதும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஒரு தட்டு ஒரு டம்ளர், கழுவ எவ்வளவு நேரம் ஆகும். ரேடியோவைப் போடுகிறேன், அணைக்கிறேன். நேற்று முன்னறை நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டேன், இன்று திரும்பப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். வார்டன் ஒரு நாள் வந்து டீ குடித்துவிட்டுப் போனார், இரண்டு பேரும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றியே பேசினோம். இங்கேயே வந்துவிடு என்று உன் மாமா கூப்பிடுகிறார், அவர்கள் வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கே இடம் போதாது, நான் போய் எங்கே உட்காருவது. உன் அப்பா போனபோது அழாமல் இருந்தேன் என்று எல்லாரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். அந்தத் தைரியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்குத் தனிமையாக இருக்கிறது, ரொம்பத் தனிமையாக இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு நீ வர முடியுமா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் சின்னவனுமாவது வாருங்கள், பத்து நாள் இருந்துவிட்டுப் போனால் போதும். இதை ஒரு வரியில் கேட்க வாய் வராமல்தான் அரங்கத்தையும் மைதானத்தையும் சுற்றிக்கொண்டு வந்தேன்.

உங்கள் மூன்று பேருக்கும் என் மனமார்ந்த ஆசீர்வாதம், நீண்ட ஆயுளோடும் சிரித்த முகத்தோடும் இருங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையையும் தள்ளிப் போட விடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்ததும் நீ பதறிப்போய் எனக்குப் போன் செய்வாய். அலைச்சல் எதற்கு, வர வேண்டாம், நான் சும்மா ஏதோ எழுதிவிட்டேன் என்றுதான் சொல்வேன், சிரித்துக்கொண்டேகூடச் சொல்வேன். அதை நம்பாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா