சனிக்கிழமை வரை டிக்

செவ்வாய், இரவு.

கம்பெனியில் மிஷினுக்கு இருப்பது போல வீட்டு சைக்கிளுக்கும் நான்தான் செக் ஷீட் எழுதிச் சுவரில் ஒட்டினேன். காற்று, செயின் ஆயில், பிரேக் கட்டை மூன்றையும் தினமும் பார்த்து டிக் போட வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். இந்த மாதம் ஓவர்டைம் அதிகம்; பார்க்காமலே டிக் போட ஆரம்பித்தேன். கம்பெனி லைனில் எல்லோரும் செய்வதைப் போல, நேற்றே இந்த வாரம் முழுவதற்கும் டிக் போட்டுவிட்டேன்.

இன்று காலை என் மனைவி செல்வி அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அந்த சைக்கிளில்தான் படப்பைக்குப் போனாள். வளைவில் எதிரே டிப்பர் லாரி. பிரேக் பிடிக்கவில்லை. சாலையோரப் பள்ளத்தில் விழுந்ததால் உயிர் பிழைத்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம். காண்ட்ராக்ட் வேலையில் யார் அத்தனை நாள் காத்திருப்பார்கள்? கடவுளே, நான் என்ன செய்வேன்?

ஆஸ்பத்திரியில் அவள் என்னைத் திட்டவே இல்லை. “டிக் போட்டிருந்தியே, அத நம்பித்தான் எடுத்துகினு போனேன்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் முழுவதும் தேய்ந்து இரும்பு தெரிகிறது. ஷீட்டைக் கிழிக்கப் போனேன், கை வரவில்லை. என் கையெழுத்தில், சனிக்கிழமை வரை பிரேக் ஓகே.